கட்டடத்தைப் பார்த்த பெஞ்சு

“இறுகறதுக்குள்ள திருப்பிடுங்க” என்றார் நிர்வாகி.

கொத்தனார் என்னைப் பார்த்தார். கல் பெஞ்சின் இரண்டு கால்களையும் குழியில் இறக்கி, சற்றுமுன்தான் கான்கிரீட் ஊற்றியிருந்தோம். இன்னும் ஈரம். இப்போது நாலு பேர் பிடித்தால் திருப்பிவிடலாம். இறுகிவிட்டால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

“வேண்டாம்” என்றேன்.

மருத்துவமனையின் பின்பக்க முற்றம் இது. ஜெனரேட்டரும் கால் உடைந்த கட்டில்களும் கிடந்த இடம். அவற்றை அகற்றிவிட்டுத் தோட்டம் அமைக்க என்னை அமர்த்தியிருந்தார்கள். நாளைக் காலை சேர்மன் வந்து திறந்துவைக்கிறார்.

நிர்வாகி பெஞ்சைச் சுற்றி வந்தார். அதற்கு எதிரே கட்டடத்தின் பின்சுவர். தண்ணீர்க் குழாய்கள், ஏசி பெட்டிகள், வரிசையாக ஜன்னல்கள். பூக்கள் எல்லாம் பெஞ்சின் முதுகுப் பக்கம்.

“என்ன சார், பூவுக்கும் பெஞ்சுக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?”

கொத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரணையைக் கழுவத் திரும்பினார்.

நிர்வாகி கேட்டது வேறு. இரண்டு பக்கமும் அலங்காரப் பனைகள், நடுவில் நீரூற்று. முடியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

தோட்டம் அமைப்பவன் முதலில் செடியை யோசிக்கக் கூடாது. அதை எங்கிருந்து பார்ப்பார்கள் என்று யோசிக்க வேண்டும். இந்த வேலைக்கு வந்த மற்றவர்கள் நாடாவைப் பிடித்து முற்றத்தை அளந்தார்கள். நான் நேராக மூன்றாம் மாடிக்குப் போனேன். ஒரு ஜன்னலருகே கட்டில் உயரத்துக்குக் குனிந்து வெளியே பார்த்தேன்.

படுத்திருப்பவருக்கு அங்கிருந்து வானம் மட்டும்தான் தெரியும். அதனால் சுவரோரம் மரமல்லிக் கன்று. சில வருடங்களில் அது ஜன்னல்வரை ஏறிவிடும். பக்கத்தில் துணைக்கு நிற்பவர் பார்க்க, கீழே நந்தியாவட்டை. இருட்டத் தொடங்கிய பிறகும் மேலிருந்து கடைசிவரை தெரிவது வெள்ளைதான்.

இதற்கெல்லாம் நிர்வாகி தலையாட்டினார். அத்தனை வெள்ளைக்கு நடுவே ஒற்றை மஞ்சள் செம்பருத்தி எதற்கு என்று கேட்டார். நான் அதற்குத் தண்ணீர் ஊற்றினேன். அதையும் போனால் போகிறது என்று விட்டார்.

பெஞ்சை மட்டும் விடுவதாக இல்லை.

“சேர்மன் உட்கார்ந்து எதைப் பார்ப்பாரு? ஏசி பெட்டியையா?”

“போட்டோவுல பூ பின்னாடி அழகா வரும் சார்” என்றார் கொத்தனார்.

“நீ சும்மா இருய்யா.” என் பக்கம் திரும்பினார். “சார், திருப்பலைன்னா இதோட சரி. இனிமே இங்க எந்த வேலைக்கும் உங்களைக் கூப்பிட மாட்டோம்.”

“கூப்பிடாதீங்க.”

போய் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

என் எடையில் ஒரு பக்கம் அரை விரல் இறங்கியது. இனி அது எப்போதும் அப்படித்தான் இருக்கும், லேசாகச் சாய்ந்து. இருக்கட்டும்.

“எழுந்திரிங்க சார்.”

“என்னோட சேர்த்துத் திருப்பிக்குங்க.”

அவர் ஆட்களைக் கூப்பிட்டார். ஒருவன் கையுறையைத் தேடினான். இன்னொருவனுக்கு அந்த நேரம் பார்த்துத் தாகம் எடுத்தது. கொத்தனார் ஏற்கெனவே கழுவிய கரணையை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

வெயில் சுவரிலிருந்து இறங்கி என் முழங்கால்வரை வந்தது. நிர்வாகி யாருக்கோ போன் செய்தார். வைத்தார். மறுபடியும் செய்தார்.

நான் மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தேன். இடது ஓரத்து ஜன்னல். அதைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன்.

நிர்வாகியும் அண்ணாந்து பார்த்தார். அங்கே யாரும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். சட்டென்று அவர் குரல் இறங்கிவிட்டது.

“சரி சார். இருக்கட்டும் சார். நீங்க நிதானமா வாங்க.”

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

கொத்தனார் வந்து கால் பக்கம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். “பிடிச்சிருச்சு தம்பி. இனிமே யானை வந்தாத்தான் நகரும்.”

நான் எழவில்லை.

போன வருடம் அந்த ஜன்னலோரக் கட்டிலில் என் மனைவி இருந்தாள். கடைசியில் இந்த முற்றம் வழியாகத்தான் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள், மூடிய வண்டியில்.

அவளால் எழுந்து பார்க்க முடியாது. நான் ஜன்னலில் போய் நின்றாலே, கீழே என்ன இருக்கிறது என்று கேட்பாள். தோட்டம் என்றேன். முதலில் மரமல்லியைச் சொன்னேன். அடுத்த நாள் நந்தியாவட்டை.

“வெள்ளையா? ஆஸ்பத்திரியில வெள்ளைக்கா பஞ்சம்? ஒரு மஞ்சளாவது இருக்கான்னு நல்லாப் பாருப்பா.”

இருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம், உட்கார அங்கே பெஞ்சு இருக்கிறதா, அது எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று கேட்டாள்.

கீழே குவிந்து கிடந்த உடைந்த கட்டில்களைப் பார்த்துக்கொண்டே, “நம்மளப் பார்த்துத்தான்” என்றேன்.

“அப்ப சரி. டிஸ்சார்ஜ் ஆகற அன்னிக்கு நேரா போய் அதுல உட்கார்ந்து, இந்த ஜன்னலுக்கு நாக்கைத் துருத்திக் காட்டிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.”