ஆர்வம் குறைவு

பொறியியல் கல்லூரிப் பேராசிரியை அமுதவல்லி, முதலாண்டு மாணவர்களைப் பற்றித் தான் எழுதிய ஆய்விலிருந்து ஒரு வரியைப் படித்ததுமே, பசியாவரம் ஏரிக்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த குப்பன் கொதித்து எழுந்தார்.

“இன்னா மேடம் எழுதிக்கீறீங்க? பசியாவரத்துப் பசங்களுக்குப் படிப்புல ஆர்வம் கொறைவா?”

“மாசத்துல ஏழெட்டு நாள் கிளாசுக்கே வர்றதில்ல. அதைத்தான் எழுதினேன்.”

“எந்தெந்த நாளுன்னு பாத்தீங்களா? எல்லாம் அவங்க வூட்டுக்குப் பாடு வர்ற நாளு! நம்ம முறை வர்ற அன்னிக்கு ஏரியில வலை போடலைன்னா, அடுத்த முறை வரைக்கும் அடுப்பு எரியாது. எதிர் வூட்டு தீனா இன்னா, படகுல தூங்கவா போறான்?”

“மாணவங்க நிரப்புற ஆய்வுப் படிவத்துல அந்தக் காரணத்துக்குக் கட்டமே இல்ல...”

“படிவம் போட்டது யாரு? இருபது வருசம் முன்னாடி ஒரு பொண்ணு, பாடு நாள்ல இறால் பிரிக்க வூட்லயே நின்னுச்சு. ‘ஆர்வம் குறைவு’ன்னு காலேஜ்லேர்ந்து லெட்டர் வந்துச்சு. ரெண்டு நாள் சோறு தின்னாம அழுதுச்சு. மறந்து போச்சா மேடம்?”

அமுதவல்லி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தாள்.

“மேடம்னு மட்டும் கூப்டாத, நைனா.”