விழுகிற தண்ணீர்

அவன் மணப்பெண்ணைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் ஒருத்தி செம்பிலிருந்து ஊற்றும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊமைப்படத்தில் ஆட்களின் நடையை நம்ப முடியாது. கேமராவைக் கையால் சுற்றியவன் என்ன வேகத்தில் சுற்றினானோ, யார் கண்டது. தண்ணீர் மட்டும் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் விழும்.

முதலில் நொடிக்கு இருபத்துநான்கு படம் என்று வைத்து ஓட்டினான். தண்ணீர் பறந்தது.

இருபது. பதினெட்டு.

பதினாறில் தண்ணீர் தண்ணீராக விழுந்தது.

பக்கத்து நாற்காலியில் தெய்வானை ஆச்சி. எண்பத்தேழு வயது. திரையில் இருக்கும் பதிமூன்று வயது மணப்பெண் அவரைப் பெற்ற ஆத்தா. போன மாதம் பழைய படச்சுருளைச் சீர்செய்ய அவனிடம் கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"கீறலையெல்லாம் எடுத்திருங்க தம்பி. ஆத்தா மணவறைக்கு ஓடுறது மட்டும் அப்படியே இருக்கணும்."

தீபாவளிக்குத் தீபாவளி சுவரில் வேட்டி கட்டி ஓட்டுவார்களாம். வீட்டில் இருந்தது பேசும்படப் புரொஜெக்டர். ஊமைப்படத்தையும் அது இருபத்துநான்கில் விரட்டித்தான் காட்டும். தாய்மாமனோடு மணப்பெண் குடுகுடுவென்று ஓடுவாள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். கல்யாண அவசரம் என்று ஆத்தாவைக் கடைசிவரை கேலி செய்திருக்கிறார்கள். அடுத்த மாதம் கொள்ளுப்பேத்தி கல்யாணத்திலும் காட்டிச் சிரிக்க வேண்டும்.

பதினாறில் ஓட்டினான்.

அவள் ஓடவில்லை.

மாமனின் கை அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. குதிகால் தரையில் இழுபட்டது. நடுவில் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடமும் வேகத்தில் யார் கண்ணிலும் படாத பார்வை.

ஆச்சி சிரிக்கவில்லை.

வேலையைச் சரியாகச் செய்ததற்காக அவனுக்கு முதல்முறையாகக் கூச்சமாக இருந்தது. வேண்டுமானால் பழைய வேகத்திலேயே போட்டுத் தருகிறேன் என்றான்.

ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"படம் போட்டா ஆத்தா எந்திரிச்சுப் போயிருவாக. வெக்கம்னு நெனச்சோம்."

மறுபடி ஓட்டச் சொன்னார். மணவறைக்கு நாலடி இருக்கும்போது அவன் தோளைத் தொட்டார்.

"இன்னும் மெல்ல ஓட்டுங்க தம்பி."

"தண்ணி சரியா விழாது ஆச்சி."

"விழ வேண்டாம். ஆத்தா போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகட்டும்."

பன்னிரண்டு. எட்டு. நான்கு.

தண்ணீர் செம்பின் வாயிலேயே தயங்கி நின்றது.

அப்படியும் மணப்பெண்ணின் கால் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.