பலகையின் முதல் வரி

தூண்டில்கோலின் நுனி ஒருமுறை குனிந்து எழுந்தது. நெஸ்டர் இழுக்கவில்லை. பொறுத்திருந்தான்.

அந்தப் பொறுமைதான் எனக்கு முதலில் பிடிக்காமல் போனது.

ஹாலிபட் என்கிற பெரிய தட்டைமீன் இரையைக் கவ்வியதும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. வளைமுள் அதன் கடைவாயில் தானாகச் சென்று ஏறும்வரை விட்டுப் பிடிக்க வேண்டும். அதற்குக் கையை அடக்கப் பழக எனக்கு இருபது வருடம் ஆனது. என் மருமகனுக்கு ஒரு செப்டம்பர் போதுமாக இருந்தது.

கோல் குதிரைலாடம் போல் வளைந்தது.

"பாறை. அறுத்து விடு" என்றேன்.

"பாறை நடக்குது மாமா" என்றான்.

காலையில் சால்மனும் அவனுக்குத்தான் விழுந்தது. மூன்று. எனக்கு ஒன்றுமில்லை. படகு என்னுடையது, கோல்கள் என்னுடையவை, எங்கே நங்கூரம் போடுவது என்று சொன்னவனும் நான். அந்த மூன்று சால்மனில் ஒன்றின் தலையைத்தான் ஹாலிபட்டுக்கு இரையாகக் கோத்திருந்தான்.

எங்கள் துறைமுக அலுவலகத்தின் வெளிச்சுவரில் ஒரு பலகை இருக்கிறது. இலையுதிர்காலப் போட்டியில் பிடிபட்ட பெரிய ஹாலிபட்டுகளின் எடை, பிடித்தவர் பெயரோடு. முதல் வரி என் தகப்பனாருடையது.

சீவர்ட் ஹார்ஸ்டாட், 312 பவுண்டு, 1974.

ஐம்பது வருடங்களாக அவரை யாரும் கீழே இறக்கவில்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் அந்த ஒரு வரியின் எழுத்துகளுக்கு மட்டும் நானே வெள்ளைச் சாயம் பூசுகிறேன்.

என் ஒரே மகள் சிக்னே, இந்த நெஸ்டர் பகானியைக் கட்டிக்கொண்டு அவன் பெயரையும் எடுத்துக்கொண்டாள். அவனுடைய அப்பா மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் தலை வெட்டியவர். அன்றிலிருந்து எங்கள் பெயர் மிச்சமிருப்பது இரண்டே இடத்தில். என்னிடம். பலகையில்.

ஐம்பது நிமிடம் போராடினான். கோலின் சக்கரத்தைச் சுற்றிய நேரத்தைவிடத் தூண்டில் நரம்பை விட்டுக்கொடுத்த நேரமே அதிகம். உதவி கேட்கவில்லை. வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தான்.

பிறகு பழுப்பு முதுகு மேலே வந்தது. ஒரு வீட்டுக் கதவு மிதந்தது போல் இருந்தது. இந்தக் கடலில் அறுபது வருடமாக மீனைக் கண்ணால் எடை போட்டவன் நான். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு மேல்.

படகைக் கண்ட மீன் தலைகுப்புறப் பாய்ந்தது. காலையில் அறுத்த சால்மனின் சளியில் நெஸ்டரின் கால் வழுக்கியது. படகின் விளிம்புக்கு வெளியே பாதி உடம்பு போய்விட்டது. அப்போதும் அவன் கோலை விடவில்லை.

போட்டியின் விதியை அறியாதவர் எங்கள் ஊரில் இல்லை. மீன் முள்ளில் விழுந்தது முதல் படகில் ஏறும்வரை கோல் ஒரே ஆளின் கையில் இருக்க வேண்டும். இன்னொரு கை பட்டால் மீன் உண்டு, பலகை இல்லை.

அவனுடைய இடுப்புப் பட்டை என் இடது கைக்கு எட்டியது. கோல் என் வலது கைக்கு எட்டியது.

நான் கோலைப் பிடித்தேன். எதைப் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று விநாடி இருக்கும். அவன் நிமிர்ந்ததும் விட்டுவிட்டேன்.

"நல்ல வேளை மாமா. இல்லேன்னா இன்னைக்கு நானே அதுக்கு இரை" என்று சிரித்தான்.

மீன் மறுபடி மேலே வந்ததும் ஈட்டியை எறிந்தது நான். அதற்கு விதியில் இடம் உண்டு.

துறைமுகத்தில் மழையோடு மழையாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது. தராசின் முள் 319இல் நின்றது. எடைபோடும் லோயிஸ் என் பக்கம் திரும்பினாள். "ஐனார், உங்கப்பா ஒரு படி கீழ எறங்கறாரு. சாயத்தை எடுத்துட்டு வா."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் பதில் தயாராக இருந்தது. லோயிஸ் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. அவள் கேட்பாள், நான் முன்னால் வந்து உண்மையைச் சொல்வேன். சொந்த மருமகனென்றும் பாராமல் உண்மை பேசினான் ஹார்ஸ்டாட் என்று குளிர்காலம் முழுவதும் பேசுவார்கள்.

லோயிஸ் படிவத்தை எடுத்தாள். "வேற யார் கையாவது கோல்ல பட்டுச்சா?"

"பட்டுச்சு" என்றான் நெஸ்டர். "நான் வழுக்கினேன். மாமா பிடிச்சாரு."



"அடப் பைத்தியமே, வாயை மூடிட்டு இருந்தா யாருக்குத் தெரியப் போகுது?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

நெஸ்டர் என் தோளில் கை வைத்தான். "மாமாவுக்குத் தெரியுமே. ஒரு ஹார்ஸ்டாட்டை வச்சிக்கிட்டு இந்த எடத்துல பொய் சொல்ல முடியுமா?"

லோயிஸ் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டாள். கூட்டம் கலைந்தது. போகிறபோது இரண்டு மூன்று பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பலகையில் முதல் வரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

1974லும் இதே தராசடியில்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். என் தகப்பனார், "இல்லை" என்றார்.

நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன். கோலைப் பிடித்துத் தோலுரிந்துபோன இரண்டு உள்ளங்கைகளையும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு.