ஏழாவது கிரிம்ஸ்லாக்

வினிஃப்ரெட் மண்டபக் கதவை உள்ளிருந்து பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வினி, இதென்ன கூத்து?" என்றான் கிளைவ். சங்கத்தின் தலைவன். அவளுடைய சித்தப்பா மகன்.

"பன்னெண்டு அடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வெளிய போகக் கூடாது."

மணி பதினொன்றே முக்கால். விதியை எழுதியவனே கிளைவ்தான். ஆண்டுக் கூட்டத்தன்று நண்பகலுக்குள், கிரிம்ஸ்லாக் என்ற பெயரோடு பிறந்த ஏழு பேராவது பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் கிரிம்ஸ்லாக் குடும்பப்பெயர்ச் சங்கம் அன்றோடு கலைந்துவிடும்.

போன வருடம் சரியாக ஏழு பேர் இருந்தார்கள். பனிக்காலத்தில் ஹெட்லி போய்ச் சேர்ந்தார். இன்று கையெழுத்திட்டிருப்பவர்கள் ஆறே பேர்.

"கடை திறந்திருப்பான், வினி. ஒரு குவளை பீர் குடிக்க விடமாட்டியா?" என்றார் இன்னொரு உறுப்பினர் நாரிஸ். "செத்த பேருக்கு எதுக்குக் காவல்?"

"சாகலை. உக்காருங்க."

அவள் முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க வரைபடம். முப்பது வருடமாக அவள் ஊசி குத்தியது. 1881ஆம் வருடக் கணக்கெடுப்புக்கு நூற்றுப் பன்னிரண்டு சிவப்பு ஊசிகள். அத்தனையும் இந்த ஒரே பள்ளத்தாக்கில், பழைய கிரிம்ஸ்லாக் பண்ணையிலிருந்து ஒரு நாள் நடைக்குள். இன்றைக்கு ஆறு நீல ஊசிகள்.

சங்கம் கலைந்தால் வரைபடம் மாவட்ட ஆவணக் காப்பகத்தின் நிலவறைக்குப் போகும். அவளுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அந்த வரைபடம்தான் இருந்தது.

கிளைவ் மேசைமேல் இருந்த சாக்குத் துணியை விலக்கினான். கற்பலகை. தேவாலயச் சுவரில் பதிக்கச் செய்தது. 'கிரிம்ஸ்லாக் குலத்தின் கடைசி அறுவர்' என்று செதுக்கி, கீழே ஆறு பெயர்கள்.

"என் பேரையும் போட்டுட்டியா? நான் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கேன்டா."

"கவுரவமா முடிச்சுக்கலாம், வினி. எழுநூறு வருஷம். ஒரு பண்ணை, ஒரு ரத்தம். எவனும் வெளிய போய்க் கெட்டுப்போகலை."

"எலையாஸ் போனானே," என்றார் நாரிஸின் தம்பி ஆல்பன், சாண்ட்விச்சை மென்றபடி. "இருநூறு வருஷத்துக்கு முன்னாடி, லங்காஸ்டர் துறைமுகத்துல கப்பல் ஏறி."

"ஜமைக்காவுல கரும்புத் தோட்டம், ரம்முன்னு ஏதோ பண்ணிட்டுக் காய்ச்சல்ல போய்ட்டான். கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தக் கிளை அதோட முடிஞ்சுது."

வினிஃப்ரெட் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கிரிம்ஸ்லாக் பெயருள்ளவர்களைத் தேடி நூலகப் பலகையில் அவள் ஒட்டிய அறிவிப்புக்கு வந்த பதில். ஒரே வரி. 'சனிக்கிழமை வருகிறேன். டி. கிரிம்ஸ்லாக்.'

"எவனோ விளையாடுறான்," என்றான் கிளைவ். "உன் வரைபடத்துலயே இல்லாத கிரிம்ஸ்லாக் எங்கேருந்து முளைப்பான்?"

வினிஃப்ரெட் ஏற்கெனவே வாக்காளர் பட்டியல், தொலைபேசிப் புத்தகம், கல்லறைப் பதிவு எல்லாவற்றிலும் தேடிவிட்டாள். டி என்று ஒருவரும் இல்லை. ஆனாலும் தலையைத் தாழ்த்தவில்லை.

"முளைக்கட்டும், பாக்கலாம்."

பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கும்போது கதவு தட்டப்பட்டது. வினிஃப்ரெட் பையிலிருந்து சாவியை எடுத்தாள். திறந்தாள்.

நாற்பது வயதிருக்கும் ஒரு கறுப்பினப் பெண். மழைச்சட்டைக்குள் செவிலியரின் நீலச் சீருடை.

"ரத்த தான முகாம் அடுத்த வாரம்மா," என்றான் கிளைவ்.

"கிரிம்ஸ்லாக் கூட்டம் இங்கதானே? பஸ்ஸை விட்டுட்டேன், மன்னிச்சுக்குங்க. நான் டெல்ரோஸ் கிரிம்ஸ்லாக். இங்க ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து நாலு மாசம்தான் ஆகுது."

கிளைவ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "புருஷன் வழியில வந்த பேராம்மா? அது செல்லாது."

டெல்ரோஸ் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தாள். "எங்க அப்பா பேரு. அவரைப் பெத்தவர் பேரு. ஜமைக்கா."

நாரிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து படித்தார். "கிரிம்ஸ்லாக்தான் போட்டிருக்கு, கிளைவ்."

"எலையாஸுக்குப் பிள்ளையே கிடையாதே!"

"பிள்ளை இருந்துச்சோ என்னவோ, எனக்குத் தெரியாது," என்றாள் டெல்ரோஸ். அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அவரோட கரும்புத் தோட்டத்துல அடிமைங்க எழுபது பேர் இருந்தாங்க. விடுதலை வந்தப்போ எல்லாரையும் தோட்டத்துக்காரர் பேருலதான் பதிஞ்சாங்க."

ஆல்பன் மெல்வதை நிறுத்தினார்.

"அப்ப அது ரத்தம் இல்லையே," என்றான் கிளைவ், யாரையும் பார்க்காமல்.

வினிஃப்ரெட் எழுந்தாள். பதிவேட்டைத் திருப்பி டெல்ரோஸின் பக்கம் தள்ளினாள். "விதியில ரத்தம்னு எங்கடா எழுதியிருக்க? பிறந்த பேருன்னுதானே எழுதின. இந்தாம்மா பேனா."

டெல்ரோஸ் நிதானமாக, முழுப்பெயரையும் எழுதினாள். மை காய்வதற்குள் தேவாலய மணி பன்னிரண்டு அடித்தது.

கிளைவ் நாற்காலியில் சாய்ந்தான். "சரி. ஆறு இல்லை, ஏழு. இந்த உலகத்துலயே ஏழு பேர்."

வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டெல்ரோஸ் திரும்பினாள்.

"உலகத்துலயா? ஜமைக்காவுல எங்க தெருவுலயே நாப்பது பேர் இருக்கோம்."