கதாநாயகிக்கு ஒரு ஜோடி செருப்பு

தியேட்டர் கூட்டும் அக்காவுக்கு இப்போது ஓடும் படத்தின் கதாநாயகியான சின்னப் பெண் என்றால் உயிர். படத்தின் கடைசியில் அவள் சரளைக்கல்லில் வெறுங்காலோடு ஓடுவதை மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை.

“அது நடிப்புக்கா,” என்றான் டிக்கெட் கிழிப்பவன்.

“அவ நடிப்பா. கல்லு நடிக்குமாடா?”

காலைக் காட்சி முடிந்ததும், வார் அறுந்து ஊக்கு மாட்டிய தன் செருப்பைத் திரைக்குக் கீழே கழற்றி வைத்தாள். திரைமேல் செருப்பு வீசியவர்களைத்தான் அவன் பார்த்திருக்கிறான்.

மதியக் காட்சியில் நடிகை செருப்போடு ஓடினாள். ஊக்கு மின்னியது. ஜனங்கள் வழக்கமான இடத்தில் அழுதார்கள்.

“அளவு சரியாத்தான் இருக்கு,” என்றாள் அக்கா.

கூட்டம் கலைந்ததும் செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. ஊக்கைக் காணோம், வார் தைக்கப்பட்டிருந்தது. அக்கா காலை நுழைத்தாள். உள்ளே இன்னும் சூடு ஆறவில்லை.