யாருடைய தாமதம்?

டக், டக், டக்.

பேகம்பேட் விமான நிலையத்தில் அந்த நாளில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள். விமானத்தின் இரைச்சல்கூட மறந்துபோயிருக்கும். கனகவல்லியின் குதிகால் செருப்புச் சத்தம் மறந்திருக்காது. அது கேட்டால் டீ குடிப்பவர்கள் வேலை செய்வார்கள். வேலை செய்பவர்கள் ஓடுவார்கள்.

ஒரு விமானக் கம்பெனியின் ஹைதராபாத் மேனேஜர் அவள். ஒரு விமானம் தாமதமானால், மறுநாள் காலை மும்பைத் தலைமை அலுவலகம் போனில் கேட்கும்: "யாருடைய தாமதம்?" கனகவல்லியின் கீழிருந்த, பயணிகளை ஏற்றும் பிரிவு பராமரிப்புப் பிரிவைக் கைகாட்டும். பராமரிப்புப் பிரிவு திருப்பிக் கைகாட்டும். இந்த ஆட்டத்தில் கனகவல்லியின் பிரிவு தோற்றதே இல்லை.

ஒரு நாள் சென்னை விமானம் நகரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது.

எஞ்சினைச் சோதித்து மூடிய பிறகு, இஞ்சினியர் சங்கர் கருவிப் பெட்டியைத் திறந்தான். ஒவ்வொரு கருவிக்கும் அதனதன் வடிவத்தில் வெட்டிய பள்ளம் உண்டு. எஞ்சின் இடுக்குகளைப் பார்க்க உதவும், நீளக் காம்பு வைத்த கண்ணாடியின் பள்ளம் மட்டும் காலி. ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் விமானத்தை விடக்கூடாது. கண்ணாடி எஞ்சினுக்குள் கிடந்தால் ஆகாயத்தில் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"நக்கோ, வேண்டாம் அண்ணா, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றான் டெக்னீஷியன் ஆண்டனி, செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவன். "உங்க பேர்ல ஏற்கெனவே ரெண்டு தாமதம். மூணாவது விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எஞ்சினுக்குள்ள இருக்காது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, நாளைக்கு வேற கண்ணாடி வெச்சிரலாம்."

சங்கருக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நிரந்தரமானால்தான் கல்யாணத் தேதி என்று அவனுக்கு நிச்சயித்த சௌம்யாவின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

சங்கர் ஒரு நிமிடம் மழையைப் பார்த்தான். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தான்.

"மேடம், ஒரு கண்ணாடியைக் காணோம். நான்தான் தொலைச்சேன். எஞ்சினை மறுபடி திறக்கணும்."

பதிலுக்குச் செருப்புச் சத்தம்தான் வந்தது.

"ஏம்ப்பா, கண்ணாடி தொலைக்க உனக்கு என் ஃப்ளைட்தான் கெடைச்சுதா? உள்ள நூத்தம்பது பேர் என்னைப் பிச்சுத் திங்கறாங்க. ஒரு சாஃப்ட்வேர்காரர், சென்னையில மீட்டிங் போச்சுன்னு என் பேரை மூணு தரம் ஸ்பெல்லிங் கேட்டு எழுதிக்கிட்டார்!"

"ஸாரி மேடம்."

"எதுக்கு ஸாரி? தேடு!"

திறந்தார்கள். டார்ச் அடித்தார்கள். மூடியைத் தட்டினார்கள். ஆண்டனி தரையில் படுத்தே பார்த்துவிட்டான். கனகவல்லி குடையோடு நின்று, மழையைவிட விடாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

சங்கர் மறுபடி குனிந்தான். திட்டு சட்டென்று நின்றது.

"சங்கர், உனக்கு வால் எப்ப முளைச்சுது?"

அவன் திரும்புவதற்குள் அவனுடைய மழைக்கோட்டைத் தூக்கி, இடுப்பு பெல்ட்டில் பின்பக்கம் செருகியிருந்த கண்ணாடியை உருவினாள். தூறல் ஆரம்பித்ததும் அதன் மேலேயே கோட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறான்!

சாமான் ஏற்றுகிறவர்கள் வரைக்கும் சிரித்தார்கள். கனகவல்லி சிரிக்கவில்லை.

"காலையில மீட்டிங் இருக்கு. அங்க பேசிக்கறேன்."

டக், டக், டக்.

மறுநாள் கனகவல்லியும் பராமரிப்புத் தலைவர் ஜம்புநாதனும் மும்பையோடு போனில் பேச மீட்டிங் அறைக்குள் போனார்கள். கதவு மூடியது. வெளியே சங்கர், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவன் மாதிரி நின்றான்.

கதவு திறந்தது.

"இங்க என்ன வேடிக்கை? ஃப்ளைட் வந்தாச்சு, போய்ப் பாரு" என்று கத்திவிட்டுப் போனாள் கனகவல்லி.

ஜம்புநாதன் சார் எப்படியோ வாதாடிக் காப்பாற்றிவிட்டார் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஜம்புநாதன் மறுக்கவில்லை. நல்ல பெயர் தானாக வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அடுத்த மாதம் கனகவல்லியை ராய்ப்பூருக்கு மாற்றினார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விமானம் வந்துபோகிற ஊர். செய்தி வந்த அன்று ஆண்டனி ஒரு டப்பா நிறைய பேடா வாங்கி வந்தான்.

"ஹவ், ஆமா அண்ணா, இனிமே காதுக்கு லீவு! எடுத்துக்கோங்க" என்றான். சங்கரும் சிரித்துக்கொண்டே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டான். "சார், நீங்க?"

"எனக்கு வேண்டாம்ப்பா" என்றார் ஜம்புநாதன்.

"சுகரா சார்?"

"இல்லே." டப்பாவைத் தள்ளி வைத்தார். "சங்கர், அன்னிக்கு மும்பையிலேர்ந்து கேட்டாங்க, யாருடைய தாமதம்னு. நான் விட்டத்தைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தம்மாதான் பேசினாங்க. 'என்னுடையது. பயணிகளை நான்தான் லேட்டா ஏத்தினேன்'னு. அதுக்குத்தான் இந்த மாற்றல்."

சங்கர் மெல்லுவதை நிறுத்தினான்.

"அவங்க ஏன் சார்...?"

"நானும் கேட்டேன். 'தொலைச்சேன்னு அவனாச் சொன்னான். அதுக்கு வேலை போச்சுன்னா அடுத்தவன் சொல்லுவானா? நானும் இந்த ஃப்ளைட்லதானே ஏறிப் போகணும், ஜம்புநாதன்?'னாங்க. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொன்னாங்க."

ஆவணியில் சங்கருக்கு வேலை நிரந்தரமானது. தையில் கல்யாணம் நடந்தது.

கனகவல்லி ராய்ப்பூரிலிருந்தே ஓய்வு பெற்றாள்.