படகோடு வந்த மீன்கள்

திரைக்குப் பின்னால் வஜிஹா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் கேட்டு வந்திருந்த ஷேக் தாவூத், ஒரு துரையின் பாய்மரப் படகில் சமையல்காரன். மாலத்தீவுகளைச் சுற்றியபோது படகோடு மீன்கள் வந்த கதையை அவன் எடுத்ததுமே அத்தாவின் முகம் இறுகிவிட்டது.

"படகுக்கு முன்னால எத்தனை மீனு?" என்றார் அவளைப் பெற்ற அத்தா, மாங்காய் மண்டி ஃபக்ருதீன்.

"முப்பது இருக்கும் மாமு. டால்பின்னு பேராம். ஒவ்வொண்ணும் எருமைக் கன்னு பெருசு. தண்ணிக்கு மேல எகிறிக் குதிச்சுது."

வஜிஹாவின் தாய்மாமன் அவன் தொடையைக் கிள்ளினார். "இந்த வீட்டுல மீன் பேச்சு வேணாம் தம்பி."

"மூச்சு எப்படி விட்டுச்சு?" அத்தா விடவில்லை.

"உச்சந்தலையில ஒரு ஓட்டை. அது வழியா புஸ்ஸுன்னு விட்டுச்சு."

"மீனுக்கு உச்சியில மூக்கா? விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிடுங்க" என்று கெஞ்சினார் தாய்மாமன்.

சொல்லிவிடேன் என்று வஜிஹாவும் மனசுக்குள் கெஞ்சினாள். பொய் பேசினான் என்றுதான் போன மாசம் ஒரு வரனை அத்தா திருப்பி அனுப்பியிருந்தார்.

"கண்ணால பார்த்ததை எப்படி இல்லேங்கறது மாமு?"

அத்தா எழுந்து நேராகத் தன் மச்சானிடம் போனார்.

"கேட்டுக்கிட்டியா? வஜிஹா பொறக்கறதுக்கு முன்னாடி, ரங்கூன் கப்பல்ல வந்தப்ப நான் பார்த்ததும் இதேதான். புளுகு பாய்னு பேர் வெச்சு கிருஷ்ணகிரி பூராவும் சிரிச்சீங்க. இருபது வருஷமா வாயைத் திறக்கலே."

பிறகு தாவூத்தின் கையைப் பிடித்தார்.

"நிக்காஹுக்கு மண்டித் தெரு முழுக்கக் கூப்பிடறேன் மாப்பிள்ளை. அந்த ஓட்டையைப் பத்தி ஒவ்வொருத்தன்கிட்டேயும் நீங்களே சொல்லணும்."